இறுதி முடிவு எடுப்பவர்: சின்னவன்

புதுக்கோட்டை புறவழிச் சாலையில் இருக்கும் ஒரு வண்டி ஷோரூமில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். போன மாதம் அங்கிருந்து ஒரு போன் வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் பேசினாள்.

“மாணிக்கம் சார், எல்லா ஊர்லயும் எஸ்யூவிதான் ஓடுது. நம்ம மாவட்டத்துல மட்டும் நடுத்தர லோடு வண்டியும் சேந்து இப்படிப் போகுதே, ஏன்னு தலைமை ஆபீஸ்ல கேக்குறாங்க. நீங்கதான் ஆரம்பிச்சு வச்சீங்கன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க.”

ஆரம்பித்து வைத்தது நானில்லை. அது நடந்தபோது நான் வண்டியின் கூரைமேல் உட்கார்ந்திருந்தேன். இதைப் போனில் சொன்னால் கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். அதனால் எழுதி அனுப்புகிறேன்.

நான் தொழில் பழகிய கதை நாலு வரிதான். கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தேன், கூட்டல் வரவில்லை என்று விற்பனைக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் வண்டி வாங்க வருகிறவர்கள் முதலில் தகரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அடியில் படுத்து வில் பட்டையை எண்ணுவார்கள். எழுந்து வந்து கேட்பது ஒரே கேள்வி: “எத்தனை மூட்டை தாங்கும்?” இருக்கை இருக்கிறதா என்றுகூடக் கேட்கமாட்டார்கள்.

பிறகு காலம் மாறியது. வெளிநாட்டுப் பணம் வந்தது, பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள், எல்லாரும் பெரிய கார் கேட்க ஆரம்பித்தார்கள். பெரியது என்றால் உயரம். பஸ்ஸில் போகிறவன் கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். கூரையில் கண்ணாடி திறக்கிற வண்டிதான் வேண்டும் என்பார்கள். நம் ஊர் வெயிலில் அதை எதற்குத் திறப்பது என்று நான் ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டு ஒரு விற்பனையை இழந்தேன். கீழ ராஜ வீதிப் பக்கம் சந்தில் குடியிருந்த ஒருவர் வாங்கிய கார் அவர் சந்துக்குள் நுழையவில்லை. மச்சினன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, தினமும் காலையில் பைக்கில் போய்க் காரை எடுத்துவந்தார். மணமேல்குடி மீன் வியாபாரி ஒருவர் பின்சீட்டை மடக்கிப் பெட்டி அடுக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்று சொன்னது நான். முதல் சர்வீஸுக்கு அந்தக் கார் வந்த அன்று மெக்கானிக்குகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போய்விட்டார்கள்.

இப்படி எஸ்யூவி தானாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில்தான் நான் அந்த நீல வண்டியை வரவழைத்தேன். நடுத்தர லோடு வண்டி. கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரி வியாபாரிகள் கொத்திக்கொண்டு போவார்கள் என்று கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவன் நான்தான். வண்டி வந்தது. முந்திரி வியாபாரிகளும் வந்தார்கள். வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு எஸ்யூவிக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போனார்கள். சரக்குக்கு வாடகை வண்டி போதுமாம். சின்ன லோடு ஏற்றுகிறவனுக்கு அது பெரிது, பெரிய லோடு ஏற்றுகிறவனுக்குச் சிறிது. ரெண்டுங்கெட்டான் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பத்து மாதம் பின்பக்க வேப்பமரத்தடியில் நின்று, இன்ஜினுக்குள் அணில் குடியேறிவிட்டது.

அந்தச் சமயம் எங்களுக்கு மேலாளராக இருந்தவர் கோயம்புத்தூர்க்காரர். முப்பத்தைந்து வயது. காலையில் வந்ததும் வெள்ளைக் கைக்குட்டையால் ஒவ்வொரு வண்டியின் முகப்பையும் ஒருமுறை துடைத்துப் பார்ப்பார். கைக்குட்டையில் தூசி இருந்தால் அதை மடித்து, அந்த வண்டிக்குப் பொறுப்பானவரின் சட்டைப் பையில் செருகிவிடுவார். குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். இது எங்களுக்குப் புரியவே ஆறு மாதம் ஆனது. வெறும் “ங்க” என்றால் நல்ல மனநிலை. “ஏனுங்கண்ணா” என்றால் ஜாக்கிரதை. வாக்கியத்துக்கு மூன்று “ங்க” விழுந்தால் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிடலாம்.

ஒருநாள் என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

“ஏனுங்கண்ணா, இந்த வண்டி இங்கயே நிக்குதுங்களேங்கண்ணா? இந்த மாசத்துக்குள்ள இது போகலீங்கன்னா, ஓசூர் கிளையில ஒரு எடம் காலியா இருக்குதுங்க. நீங்க போயிருங்கண்ணா.”

எண்ணிப் பார்த்தேன். மூன்றுக்கு மேலேயே இருந்தது.

எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. வீடு திருவரங்குளத்தில். மனைவிக்கு அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை. ஓசூருக்குப் போனால் தனி அறை, மெஸ் சாப்பாடு. விஷயத்தைச் சொன்னதும் மனைவி, “போனா அங்கிட்டே இருந்துக்கங்க, வாரா வாரம் அழுக்குத் துணியத் தூக்கிக்கிட்டு வராதீங்க” என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அந்த வாரத்தில்தான் ராஜாத்தியம்மா வந்தார். திருவரங்குளத்திலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம். ஐம்பது வயது இருக்கும், கணவர் இல்லை. மூத்த மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை. புது எஸ்யூவிகளை எல்லாம் தாண்டி நேரே பின்பக்கம் போய், அந்த நீல வண்டியின் சரக்குத் தட்டைக் கையால் சாண்போட்டு அளந்தார். எனக்கு முருகனே நேரில் வந்தது போல இருந்தது.

எங்கள் ஷோரூமில் ஒரு படிவம் உண்டு. மேலாளர் தயாரித்தது. பதினெட்டுக் கேள்வி. அதை நிரப்பாமல் வாடிக்கையாளருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது. அதில் பதினோராவது கேள்வி, “இறுதி முடிவு எடுப்பவர் யார்?” என்பது. ராஜாத்தியம்மாவிடம் கேட்டேன்.

“பெரியவன் காசு அனுப்புறான் சார். ஆனா அவன் கார் வாங்கும்மாங்கிறான். ஊர்ல எல்லார் வாசல்லயும் நிக்கிதாம். எனக்கு இந்த வண்டிதான் வேணும். ஆனா சின்னவனுக்குப் புடிக்கணும். அவன் ஒத்துக்கிட்டாத்தான்.”

“சின்னவருக்கு என்ன வயசும்மா?”

“அவனுக்கு என்ன, வாலிப வயசுதான்.”

“என்ன பண்றாப்ல?”

“என்ன பண்றான், திங்கிறான், படுத்துக் கெடக்குறான். தை, மாசி, பங்குனி மூணு மாசந்தான் அவனுக்கு வேலை. அதுலயும் போன வருசம் வண்டியிலேருந்து விழுந்து கால்ல அடி. அதுலேருந்து எந்த வண்டியிலயும் ஏற மாட்டேங்குறான்.”

பாவம், பையனுக்கு மனசு பயந்துவிட்டது என்று நினைத்தேன். சாலையில் அப்போது ஒரு டிப்பர் லாரி போனது. அந்தச் சத்தத்தில் ராஜாத்தியம்மா மேலே சொன்னார்: “அவன் இதுலயும் ஏறலன்னா, பேசாம விட்டுடும்மாங்கிறான் பெரியவன்.”

“அண்ணன்காரர் சொல்றதும் சரிதாம்மா. சின்னவங்களக் கட்டாயப்படுத்தக் கூடாது. விட்டுத்தான் புடிக்கணும்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. “நீங்களுமா சார் அப்பிடிச் சொல்றீக?” என்றார். தாய்ப்பாசம் என்று எடுத்துக்கொண்டேன். “சின்னவர நேர்ல கூட்டிட்டு வாங்கம்மா, நாங்க பேசிப் புரிய வைக்கிறோம்” என்றேன்.

“கூட்டியாரலாமா? உள்ள விடுவீகளா?”

“என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? அவருதான முடிவு பண்ணணும்!”

“புது ஆளுகன்னா அவனுக்கு ஆகாது. மொறைப்பான்.”

“மொறைக்கட்டும்மா. எத்தன பேர் மொறைச்சிருக்காங்க எங்கள.”

படிவத்தில் பதினோராவது கேள்விக்கு நேரே “இளைய மகன், திரு. சின்னவன்” என்று எழுதினேன். சிறப்புக் குறிப்பில் “கூச்ச சுபாவம்” என்று சேர்த்தேன்.

மேலாளர் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். ஒரே ஒரு “ங்க”தான் வந்தது. இளைஞர் என்றால் பாட்டு கேட்பார், வண்டியில் ஸ்பீக்கர் மாட்டச் சொன்னார். கேபினில் எலுமிச்சை வாசனை அட்டை தொங்கவிட்டோம். அணிலைக் குடும்பத்தோடு வெளியேற்றினோம். டெலிவரி எடுக்க வருகிறவர்களின் பெயரைப் போடுகிற மின்திரை ஒன்று வாசலில் உண்டு. அதில் “திரு. சின்னவன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்” என்று ஓடவிட்டோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாட்ச்மேன் ஓடிவந்தார். “அண்ணே, சின்னவன் வந்திருக்கு.”

வந்திருக்காரு என்று சொல்லுய்யா என்று திருத்திக்கொண்டே வெளியே போனேன். மேலாளர் பூங்கொத்தோடு எனக்கு முன்னால் போனார்.

வாசலில் ராஜாத்தியம்மா நின்றார். இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள் கயிறு பிடித்திருந்தார்கள். நடுவில், மின்திரையில் ஓடும் தன் பெயரை அண்ணாந்து பார்த்தபடி, கறுப்பாக, திமிலோடு, கொம்பு சீவிய ஜல்லிக்கட்டுக் காளை ஒன்று நின்றது. விடியக்காலம் கிளம்பி நடந்தே வந்திருக்கிறார்கள்.

மேலாளர் பூங்கொத்தை நீட்டிய கையை மடக்க மறந்து நின்றார். சின்னவன் எட்டி அதில் பாதியைத் தின்றது.

“மாணிக்கம் அண்ணா, இவருங்களாங்கண்ணா சின்னவருங்க?” என்றார் மேலாளர். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அதற்குள் இன்னொரு விபரீதம். எங்கள் ஷோரூமுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஒரு குடும்பம் பட்டுப்புடவை, மாலையோடு புது எஸ்யூவிக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தது. சின்னவன் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தது. அதிலும் ஒரு கறுப்புக் காளை இதையே பார்த்தது. சின்னவன் முன்னங்காலால் தரையைக் கீறியது. அதுவும் கீறியது. கயிறு பிடித்தவர்களின் முகம் மாறிவிட்டது. ராஜாத்தியம்மா பதறவில்லை. கண்ணாடிக்கும் காளைக்கும் நடுவே போய் நின்று, முந்தானையை விரித்து மறைத்தார்.

“அது நீதான்டா. வேற எவனும் இல்ல. வா இங்கிட்டு.”

வந்துவிட்டது. நாங்கள் மூச்சு விட்டோம்.

“அம்மா, இத எதுக்கும்மா இங்க கொண்டாந்தீங்க?” என்று கேட்டேன்.

“நீங்கதான சார் கூட்டியாரச் சொன்னீக?”

வாஸ்தவம்தான். அப்புறம்தான் அவர் நிதானமாகச் சொன்னார். வாடிவாசல்களுக்குக் காளையைக் கொண்டுபோக எல்லாரையும் போலச் சின்ன லோடு வண்டிதான் வாடகைக்குப் பிடிப்பார்களாம். சின்னவன் நெட்டுக்கும் கனத்துக்கும் அது போதவில்லை. போன மாசியில் ஒரு திருப்பத்தில் பிடிமானமில்லாமல் வெளியே விழுந்துவிட்டது. கால் சரியாகிவிட்டது, பயம் சரியாகவில்லை. இந்த நீல வண்டியில்தான் அது திரும்பி நிற்க, படுக்க இடம் இருக்கிறது.

மேலாளர் என்னைத் தனியே இழுத்தார். “விக்காத வண்டிங்கண்ணா அது. மாட்ட ஏத்திக் கீறல் விழுந்துதுங்கன்னா யாருங்க பொறுப்புங்க?”

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, “நான்தாங்க” என்றேன். எப்படியும் ஓசூர்தான், கீறலோடு போனால் என்ன என்று தோன்றியது.

வண்டியைப் பின்னால் எடுத்து, மண்மேட்டை ஒட்டி நிறுத்தி, பின்கதவை மேட்டின்மேல் சாய்த்தோம். ஏறச் சரிவே இல்லை. சின்னவன் வந்தது. ஒரு காலை வைத்தது. இரும்புத் தகடு ‘டங்’ என்றது. காலை எடுத்துவிட்டது. இன்னொருமுறை கூப்பிட்டார்கள். மறுபடி ‘டங்’, மறுபடி பின்னால் போனது. மூன்றாம் முறை மேட்டுக்கே வரவில்லை. உடம்பு நடுங்குவது எனக்கே தெரிந்தது. அவ்வளவு பெரிய பிராணி பயந்து நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ராஜாத்தியம்மாவின் செல்போன் அடித்தது. வீடியோவில் மூத்த மகன். தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் பாதி கட்டின கட்டடம்.

“ஏறுனானாம்மா?”

“இன்னும் இல்லப்பா.”

“அப்பறம் என்னத்துக்கும்மா மல்லுக்கட்டுற? ஒத்தையில ஒன்னால எத்தன நாளைக்கிப் பாக்க முடியும்? வித்துடும்மா. வெள்ளிக்கெழம யாவாரி வர்றேன்னு சொல்லிருக்காப்ல. வித்துட்டுக் கார வாங்கு.”

இப்போது டிப்பர் லாரி எதுவும் போகவில்லை. நன்றாகக் கேட்டது. விட்டுடு இல்லை, வித்துடு. முந்தின நாள் இந்த அம்மாவிடம் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று நினைத்ததும் உள்ளங்கால் வரை கூசியது. வெள்ளிக்கிழமை வியாபாரி ஓட்டிக்கொண்டு போனால் அது எங்கே போகும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். இந்த வண்டி விற்றாக வேண்டும் என்று அதுவரை எனக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்திலிருந்து சின்னவன் ஏறியாக வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

“அம்மா, அந்தச் சத்தந்தான் ஆகல. தகடு தெரியாமப் பண்ணிருவோம்” என்றேன். கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை அள்ளித் தட்டு முழுக்க நாலு விரல்கடை பரப்பினோம். அதன்மேல் அவர்கள் கட்டிக்கொண்டு வந்திருந்த வைக்கோல். மேலாளர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

ராஜாத்தியம்மா பருத்திக்கொட்டை வாளியை என்னிடம் கொடுத்தார். “அங்கிட்டு, கேபின் ஓரமா வச்சிட்டு வெரசா எறங்கிருங்க சார்.”

வைத்தேன். இறங்கியிருக்க வேண்டும். ஆனால் முப்பது வருஷப் பழக்கம், வண்டியை வாடிக்கையாளருக்குக் காட்டும்போது ஒழுங்காகக் காட்ட வேண்டும் அல்லவா? ஒரு மூலையில் வைக்கோல் கலைந்திருந்தது. குனிந்து அதைச் சரிசெய்தேன். பின்னால் புஸ்ஸென்று ஒரு மூச்சு கேட்டது.

சின்னவன் ஏறிவிட்டது. சத்தமில்லாமல் நாலு காலும் உள்ளே. கொம்புக்கும் கேபினுக்கும் நடுவே நான்.

ஐம்பத்தாறு வயதில், மூட்டு வலியோடு, டை கட்டிய ஒரு மனிதன் எப்படிக் கேபின் கூரைமேல் போனான் என்று என்னைக் கேட்காதீர்கள். போயிருந்தேன். ஒரு செருப்பு கீழே இருந்தது. சின்னவன் வாளியைக் காலி செய்தது, செருப்பை முகர்ந்தது, ஒருமுறை வட்டமாகத் திரும்பி இடம் பார்த்தது. பிறகு முன்னங்காலை மடித்துப் படுத்து அசைபோட ஆரம்பித்தது.

“படுத்துட்டான்! வண்டியில படுத்துட்டான்!” என்று ராஜாத்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். போனை அப்படியே தூக்கி மகனுக்குக் காட்டினார்.

மகன் திரையோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தான். பிறகு, “ம்மா, மேல உக்காந்திருக்கது யாரு?”

“வண்டி விக்கிறவருப்பா.”

சிரிப்பு கிளம்பியது. அடக்க முடியாத சிரிப்பு. தொப்பி கழன்று விழுந்து, போன் ஆடி, எங்களுக்குச் சிங்கப்பூர் வானம் மட்டும் தெரிந்தது. கயிறு பிடித்தவர்கள் சிரித்தார்கள். எஸ்யூவி வாங்கிய குடும்பம் பூசையை விட்டுவிட்டு வந்து என்னைப் படம் எடுத்தது. “இவன் இப்பிடிச் சிரிச்சு நான் பாத்து எத்தன வருசமாச்சு” என்று ராஜாத்தியம்மா யாரிடம் என்றில்லாமல் சொன்னார். சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு மகன் சொன்னான்: “வாங்கிரும்மா. கார அப்பறம் பாப்போம்.”

வண்டி விற்றுவிட்டது. ஆனால் சின்னவன் இறங்கவில்லை. இறங்கினால்தான் நான் இறங்க முடியும். ஏணி சாத்தினால் ‘டங்’ என்ற சத்தத்தில் மிரண்டுவிடும் என்று ராஜாத்தியம்மா தடுத்துவிட்டார். அப்படியே வீட்டுக்கு ஓட்டிப் போகலாம் என்றால், பதிவு எண் வாங்காமல் வண்டியைச் சாலையில் எடுக்கக்கூடாது என்பது விதி. புல்லைக் காட்டினார்கள், தண்ணீரைக் காட்டினார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, கூரைத் தகடு தோசைக்கல்லாகிவிட்டது. கடைசியில் மேலாளரே வண்டிக்குப் பின்னால் வந்து கைகூப்பி நின்றார்.

“ஏனுங்க, கொஞ்சம் எறங்குறீங்களாங்க? எங்க அண்ணா கருகிப்போயிருவாருங்க.”

சின்னவன் காதை ஆட்டியது, அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்து, தானாக எழுந்து, சோம்பல் முறித்து, யாரையும் சட்டை செய்யாமல் இறங்கிப் போனது.

அந்தப் படம் மாவட்டம் முழுக்கச் செல்போனில் சுற்றியது. காளை வளர்க்கிறவர்கள் தேடி வந்து, “மாடு படுத்த வண்டி இருக்கா?” என்று கேட்டார்கள். அடுத்த தைக்குள் ஆறு வண்டி போனது. ஒரே வீட்டில் இரண்டும் வாங்கினார்கள். கார் வாசலுக்கு, லோடு வண்டி வாடிவாசலுக்கு. சென்னைத் தலைமை ஆபீஸில் இருப்பவர்களுக்கு இது எந்தப் படிவத்திலும் தெரியாது. படிவம் சொன்னதை நம்பி அவர்கள் ஒருமுறை ராஜாத்தியம்மாவுக்குப் போன் செய்து, “சின்னவன் சார்கிட்டக் குடுங்க, வண்டி திருப்தியா இருக்கான்னு கேக்கணும்” என்றார்களாம். இவர் போனைக் கொண்டுபோய் அதன் காதில் வைத்திருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து, டெலிவரி அன்று ராஜாத்தியம்மா சின்னவனோடுதான் வந்தார். ஒருமுறை படுத்துப் பார்த்த வண்டி என்பதாலோ என்னவோ, கூப்பிட்டதும் ஏறி நின்றது. சாவியைக் கொடுக்கும்போது நான் அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். விட்டுடு என்று காதில் விழுந்ததைச் சொன்னேன்.

“அட, போங்க சார்” என்று சிரித்தார். பிறகு வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பெரியவன் ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறிப் போனான், ஏழு வருசமாச்சு, இன்னும் திரும்பல. இவன் எங்கிட்டு ஏறிப் போனாலும் பொழுது சாயறதுக்குள்ள எங்கூட வீட்டுக்கு வந்துருவான்ல, அது போதும் சார் எனக்கு.”

நான் பின்கதவின் கொக்கியை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தேன். வண்டி புறவழிச் சாலையில் ஏறித் திருவரங்குளம் பக்கம் திரும்பியது.

வண்டி வாசலைத் தாண்டும்வரை மேசையில் தயாராக வைத்திருந்த ஓசூர் உத்தரவை மேலாளர் என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். “வீட்டுக்குப் போயிட்டு வாங்க” என்றார், ஒரே ஒரு “ங்க”வோடு. அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மனைவி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “எப்பப் போகணும்?” என்றாள்.

“எங்கயும் போகல” என்றேன்.

என் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.